தண்ணீர் தானாக இறங்காது

பிளஸ் டூ பொதுத்தேர்வில் ஆங்கிலத் தாளில் ஒரு கேள்விக்கு நான் பதில் எழுதாமல் வந்தேன். தெரியாத கேள்வி இல்லை. 'கதையில் ஏறி வரும் தண்ணீர் எதைக் குறிக்கிறது?' என்று கேட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் கூடுதல் தாள் வாங்கி எழுதிக்கொண்டிருந்தாள். நான் கேள்வி எண்ணை மட்டும் ஓரத்தில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

ரிசல்ட் வந்தபிறகு ஆங்கில வாத்தியார் கேட்டார்: "கரைச்சுக் குடிச்ச கதையாச்சேம்மா, அதைப் போய் ஏன் விட்டே?" பெரியவர்களிடம் பதில் பேசாமல் இருக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் அன்றைக்குப் பேசவில்லை. இப்போது சொல்லலாம். கேட்டுவிட்டு என்னைத் திட்ட வேண்டியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

அந்தக் கதை துணைப்பாட நூலில் கடைசிக்கு முந்தினது. எந்தத் தேசம் என்று போடவில்லை. வரிக்கு வரி பனியும் குளிரும் வந்ததால் நம் பக்கம் இல்லை என்று மட்டும் தெரிந்தது. ஏரிக்கரையில் கருங்கல்லில் கட்டிய பெரிய மாளிகை. அதில் கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு பணக்காரர், அவருக்கு ஒரே ஒரு வேலைக்காரன். சுவரெல்லாம் செத்துப்போன முன்னோர்களின் படங்கள். ஏரித் தண்ணீர் வருஷத்துக்கு ஒரு படி ஏறும். முதலில் தோட்டத்துப் படி, பிறகு வாசற்படி, பிறகு வீட்டுக்குள்ளேயே மாடிப்படி. அவர் ஒவ்வொரு அறையாக விட்டுக்கொடுத்துவிட்டு மேலே மேலே போவார். கீழ்க்கதவுகளைச் செங்கல் வைத்து அடைத்துப் பார்ப்பார். தண்ணீர் செங்கல்லை மதிக்கவில்லை. வேலைக்காரன் படகைக் கொண்டுவந்து கூப்பிடுவான், போக மாட்டார். கடைசியில் உச்சி அறைக்கு ஏறிப்போய், கடைசிப் படியும் நனைகிற அன்று, தானே கதவைத் திறந்து வைத்துவிட்டு விளக்கை ஊதி அணைப்பார். மறுநாள் காலையில், அங்கே வீடு இருந்த அடையாளமே இல்லாமல் ஏரி அசையாமல் கிடக்கும்.

"இதுல தண்ணி தண்ணியில்ல" என்று ஆரம்பித்தார் வாத்தியார். தண்ணீர் என்றால் மரணம். படி என்றால் வயசு. செங்கல் என்றால் மருந்து, மாத்திரை, மனிதனின் வீண் முயற்சி. வேலைக்காரன் என்றால் உலக ஆசை. சிம்பல், அலெகரி, அதாவது குறியீடு, உருவகக் கதை என்று போர்டில் எழுதிக் கோடு போட்டார். "அப்ப படகு என்ன சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்ஸைப் புரட்டினார். அதில் இல்லை போலிருக்கிறது, உட்காரச் சொன்னார்.

அந்தக் கதையை நான் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாது. ஆனால் எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, சுரங்கத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நெய்வேலிக்கு வந்தவர். பள்ளியில் நடத்தியதை அன்றன்றைக்கு அவரிடம் தமிழில் சொல்ல வேண்டும். "அடுத்தவனுக்குச் சொல்லத் தெரிஞ்சாத்தான் படிச்சதுன்னு அர்த்தம்" என்பார். ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, காபியைக் குடித்துவிட்டு, குவார்ட்டர்ஸ் முன் வராந்தாவில் கேன்வாஸ் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்து ஒப்பிப்பேன். பூகோளம், தாவரவியல் எல்லாம் அவருக்குத் தெரியும். அக்பர் மேல் அவருக்கு ஒரு கோபம்கூட இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியிலிருந்து அவருக்கு ஷிப்ட் கிடையாது. மெடிக்கல் லீவ். சோறு இறங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். கூடப் போனது என் மாமா, அம்மாவின் அண்ணன். எங்களுக்கு இரண்டு பிளாக் தள்ளிக் குடியிருந்தார், ஒர்க்‌ஷாப்பில் பெர்மனென்ட். அங்கே டாக்டர் மாமாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: வயிற்றில் புற்று, இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று.

திரும்பி வந்த அன்று மாமா எங்கள் அடுப்படியில் நின்று அம்மாவிடம் சொன்னார். நான் கேட்டுவிட்டேன். அம்மா சத்தம் வராமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மாமா என் பக்கம் திரும்பினார்.

"மச்சானுக்கு அல்சர். புரிஞ்சுதா? யார் கேட்டாலும் அல்சர். தெரிஞ்சா மனுசன் அன்னைக்கே மனசு விட்டுருவாரு."

அம்மா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "என் மேல சத்தியம் பண்ணு. உனக்கு வாய் நிக்காது." பண்ணினேன். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். நோயாளியைத் தவிர ஊருக்கே நோயின் பேர் தெரியும். அதை அன்பு என்றுதான் நினைத்தோம். இன்றைக்கும் அது அன்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

இதற்கு நடுவில் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் போனபிறகு அப்பாதான் வளர்த்தார், இங்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டு, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக்கொடுத்தார். பண்ருட்டியில் பஸ் மாறி, மேல்பட்டாம்பாக்கம் தாண்டினால் அத்தை வீடு. அப்பா அத்தையைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் பாப்பாதான்.

நான் பெரியவளான சடங்கில் வந்தது வினை. முதல் பந்தியில் தாய்மாமனுக்கு நடுவில் இலை போட்டார்கள். அத்தை புருஷனுக்கு அந்தப் பந்தியில் இடம் இல்லாமல் போய்விட்டது. யாரோ அவரை இரண்டாம் பந்தி வரை நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவர் சாப்பிடாமலே கிளம்பினார். மணையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்த அத்தை பாதியில் எழுந்தாள். வாசலில் வைத்து வார்த்தை முற்றியது. "உன் பொண்டாட்டி வூட்டு ஆளுங்க மட்டும்தான் உனக்கு மனுசங்க. இனிமே இந்த வாசல்ல கால வைக்க மாட்டேன்" என்றாள் அத்தை. அப்பாவுக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அத்தனை பேர் முன்னால், "வைக்காதே. நான் செத்தாலும் வராதே" என்று சொல்லிவிட்டார்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. சாவுக்கு வராதே என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் எங்களில் அதைச் சொன்னவர்தான் திரும்ப எடுக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளை யாரும் அவருக்குப் பதில் எடுக்க முடியாது. நாலு வருஷம் அப்பா பொங்கல் சீர் அனுப்பவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் ஆனால் அவர் முகம் பார்க்கச் சகிக்காது. கடைத்தெருவில் மஞ்சள் கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

லீவில் இருந்தபோது அவரே பேச்சை எடுத்தார். "இந்த அல்சர் கொஞ்சம் கேக்கட்டும். பொங்கலுக்குச் சீரைத் தூக்கிக்கிட்டு நானே போறேன். மாப்பிள்ளை கால்ல வேணா விழுறேன்." பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். "ஆமாங்க, போலாம்" என்றாள் அம்மா.

அம்மா பிறகு மாமாவிடம், நாத்தனாரை இப்போதே வரச்சொல்லலாமா என்று கேட்டாள். மாமா வேண்டாம் என்றார். திடீரென்று தங்கச்சி வந்து அழுதுகொண்டு நின்றால் அவருக்குப் புரிந்துபோகும். அவராகப் போவதுதான் மரியாதை. பொங்கல் வரை தாங்கினால் பார்ப்போம். மாமா கெட்டவர் இல்லை. அந்த நடு இலை அவர் கேட்டு வாங்கியதும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் துணைப்பாடத்தில் அந்தக் கதை வந்தது. நான் சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன். "இன்னைக்கு இங்கிலீஷ் என்ன நடத்துனாங்க தாயி?" என்று அவரே கேட்டார். ஒரு பழைய வீட்டுக் கதை என்றேன். சொல்லு என்றார். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை நாளைக்கு என்று நிறுத்தினேன்.

அப்பாவின் வேலை என்ன என்பதைச் சொன்னால்தான் மீதி புரியும். அவர் சுரங்கத்தில் பம்பிங் செக்‌ஷன். நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே பூமிக்குள் தண்ணீர் பெரிய அழுத்தத்தோடு நிற்கிறது. சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறு போட்டு ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே நிலக்கரி வெட்ட முடியும். இறைப்பதை நிறுத்தினால் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அப்பா அந்தப் பம்புகளைப் பார்த்துக்கொண்டு, கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மட்டத்தை அளந்து நோட்டில் எழுதுவார். இருபது வருஷம் அதே வேலை. "தண்ணி கீழ படுத்திருக்கு. ஆனா தூங்கல" என்பார்.

ஆகவே அவருக்கு அந்தக் கதையில் மாளிகை, பனி, முன்னோர் படம் எதுவும் முக்கியமில்லை. "வருசத்துக்கு ஒரு படின்னா, படி எத்தனை இன்ச்சு?" என்று கேட்டார். புத்தகத்தில் இல்லை என்றேன். "அதைப் போடாம என்ன கதை எழுதுறான்? ஏரி ரொம்பி வருதா, ஊத்துத் தண்ணியா?" அதுவும் இல்லை. "ஊத்தாத்தான் இருக்கும். அதான் செங்கல்லுக்கு நிக்கல. அந்தக் கூறுகெட்ட மனுசன், கதவை அடைக்கிற காசுக்கு வீட்டைச் சுத்தி நாலு போர் போட்டு இறைச்சிருந்தா, பேரன் பேத்தி எடுத்திருக்கலாம்."

"அவருக்குக் கல்யாணமே ஆகலைப்பா."

"ஆகியிருந்தா அவ சொல்லியிருப்பா, போர் போடுங்கன்னு."

வெகுநாளைக்குப் பிறகு வீட்டில் சிரித்தோம். அம்மாகூடச் சிரித்தாள். அப்பா கூடவே வேலை பார்த்த ஒருவர் அன்றைக்கு வந்திருந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து, அதற்குப் பதில் வேலை வாங்கியவர். அப்பா அவரிடம் கதையைச் சொன்னார். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இதெல்லாம் ஒரு கதையாண்ணா? எங்கப்பன பொதச்ச எடம் இப்ப மைன்ஸ்குள்ள போயிட்டுது. அது மேலதான் டெய்லி நடந்துகினு போறேன். எங்கூருல ஒரு படி ஏறல, ஊரே எறங்கிட்டுது" என்றார். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அம்மா காபி கொண்டுவந்தாள்.

மறுநாள் மீதிக் கதையைக் கேட்டார். நான் பள்ளியிலிருந்து வரும்போதே தீர்மானித்திருந்தேன். உச்சி அறை, கடைசிப் படி வரைக்கும் சரியாகவே சொன்னேன். பிறகு, "அவரு கதவைத் திறந்து பார்த்தா தண்ணி நின்னு போயிருந்துச்சுப்பா. விடியறதுக்குள்ள ஒவ்வொரு படியா தானா எறங்கிப் போயிருச்சு. வேலைக்காரன் திரும்பி வந்தான். ரெண்டு பேரும் வீட்டைக் கழுவிவிட்டு அங்கேயே இருந்தாங்க" என்றேன்.

அப்பா 'ம்' என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எழுதியவனைவிட நான் நன்றாக முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பதினேழு வயசுத் திமிர்.

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. கஞ்சியும் நின்று இளநீர் ஆனது. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். முந்தின நாள் ஏற்றிய அகல்கள் வராந்தாச் சுவரில் எண்ணெய் வற்றிக் கிடந்தன. மழை விட்டிருந்தது. சாயங்காலம் அவரை நாற்காலியில் சாய்த்துப் போர்வை போர்த்திவிட்டு, நான் அகல்களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"தாயி, அந்தக் கதையில தண்ணி தானாவா எறங்குச்சு?"

"ஆமாப்பா."

"யாரும் இறைக்காம?"

"ஆமா."

"புஸ்தகத்துல அப்படிப் போட்டிருக்கா?"

"அப்படித்தாம்பா போட்டிருக்கு."

அவர் சிறிது நேரம் எதிரே ரோட்டைப் பார்த்தார். இரண்டாம் ஷிப்ட் பஸ் போய்விட்டிருந்தது. "இருவது வருசமா தண்ணி அளக்குறேன். ஒரு இன்ச்சு தானா எறங்கி நான் பார்த்ததில்ல. இறைச்சா எறங்கும். இறைக்கிறதை விட்டா ஏறும். உனக்கு அது தெரியாது. எழுதுனவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?" என்றார்.

அவர் கோபமாகப் பேசவில்லை. வேலைக்குச் சேர்ந்த புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கம்மாவைக் கேக்க முடியாது. உங்க மாமனைக் கேட்டா அல்சர்ம்பான். நீ படிச்ச புள்ள. உள்ளதை மட்டும் சொல்லு. ஏறுதுன்னா ஏறுதுன்னு சொல்லு, நாளைக்குக் காலையிலேயே யாரையாவது கூட்டிக்கிட்டுப் பஸ் ஏறி உங்க அத்தையைப் பார்த்துட்டு வந்துர்றேன். இப்ப வரைக்கும் உக்காந்து போற தெம்பு இருக்கு. எறங்கும்னா சொல்லு, பொங்கலுக்குச் சீரோட மரியாதையாப் போறேன். நீ சொல்றதுதான்."

யோசித்துப் பாருங்கள். அழவில்லை, பயப்படவில்லை, என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை. பஸ் எப்போது ஏறுவது என்று மட்டும் கேட்டார். தன் கிணற்றின் மட்டம் என்ன என்று அளவுகாரன் கேட்கிறான். நோட்டு என் கையில் இருந்தது.

திரும்பினேன். அம்மா கதவருகில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தன் கையை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"எறங்கும்பா. பொங்கலுக்குப் போலாம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நான் அகல்களைப் பார்த்தேன். "சரி" என்றார். உள்ளே கூட்டிப் போகச் சொன்னார்.

சத்தியத்தின் மேல் பழியைப் போடலாம், அம்மா மேல் போடலாம். நாற்பது வருஷமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன், நிற்க மாட்டேன் என்கிறது. உண்மையில் எனக்குப் பயம். ஏறுகிறது என்று என் வாயால் சொல்லிவிட்டால் அது ஏறியே தீரும் என்று ஒரு பயம். சொல்லாவிட்டால் ஒருவேளை நான் முடித்த மாதிரியே முடியும் என்று ஒரு நப்பாசை. வாத்தியார் போர்டில் கோடு போட்டு எழுதியது எல்லாம் என் நோட்டில் இருந்தது. ஒரு எழுத்துகூட எனக்குப் புரிந்திருக்கவில்லை.

அதற்கடுத்த வாரமே படுத்த படுக்கையானார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள். விழித்த நேரங்களில் மட்டத்தைப் பற்றி அவர் யாரிடமும் கேட்கவில்லை. மார்கழி பிறந்து ஆறாம் நாள் காலையில், முதல் ஷிப்ட் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன், மூச்சு நின்றது எனக்கு உடனே தெரியவில்லை.

குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்து முன் வராந்தாவில் கிடத்தினார்கள். ஊருக்குத் தந்தி போனது. நெல்லிக்குப்பத்துக்குச் சொல்லவேண்டுமே என்று யாரோ கேட்டார்கள். மாமா தலையை ஆட்டினார். "மச்சான் சொன்ன சொல்லு இருக்கு. அவரு எடுக்கல. நாம கூப்பிட்டா அவரு வார்த்தைக்கு என்ன மரியாதை?" எங்கள் முறைக்கு அது சரிதான். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அம்மா பேசுகிற நிலையில் இல்லை.

அந்தக் கிராமத்து நண்பர் மட்டும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப்போய் அத்தையிடம் சொல்லிவிட்டு வந்தார். "நான் சொன்னேன்மா. அந்தம்மா அடுப்ப அணச்சுட்டு, வூட்டப் பூட்டிகினு, எங்கூடவே பஸ் ஏறிட்டுது" என்று என்னிடம் வந்து சொன்னார். "எங்க?" என்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

எதிர்ப்பக்கம் கொன்றை மரத்தடியில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். வெறுங்கை. வீட்டில் கட்டியிருந்த சேலை, ஓரத்தில் சாம்பல் பட்டிருந்தது. பக்கத்து பிளாக் பெண்கள் போய்க் கையைப் பிடித்து இழுத்தார்கள். வரவில்லை. "எங்கண்ணன் வரக்கூடாதுன்னு சொன்னாரு. வரச்சொல்லிச் சொல்லலையே. இங்கேருந்தே பாத்துட்டுப் போறேன், வுடுங்க" என்றாள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் வேலியும் ஜனங்களின் முதுகும்தான் தெரியும். அப்பா தெரியமாட்டார்.

மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன். "எங்க போற?" என்று மாமா கேட்டார். பதில் சொல்லாமல் ரோட்டைக் கடந்தேன். நாலு வருஷத்துக்குப் பிறகு அத்தையை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். அப்பாவின் அதே நெற்றி.

"அத்தை, உள்ள வாங்க."

"அவரு சொல்லலையேடி."

"சொன்னாரு."

நிமிர்ந்து பார்த்தாள். அவள் என்னை நம்பவில்லை. சாவு வீட்டில் இப்படிச் சமாதானம் சொல்வது உண்டு. அவளும் அதைத் தெரிந்தவள்தான். ஆகவே முழுவதையும் சொன்னேன். புற்று என்று சொன்னேன், மறைத்ததைச் சொன்னேன். நாளைக்கே பஸ் ஏறிப் பாப்பாவைப் பார்க்கப்போகிறேன், உள்ளதைச் சொல் என்று அவர் என்னைக் கேட்டதைச் சொன்னேன். பொங்கலுக்குப் போகலாம் என்று நான் பொய் சொல்லி அவரை உட்காரவைத்ததையும் சொன்னேன். "அவரு எடுத்துட்டாரு அத்தை, அந்த வார்த்தையை. நான்தான் உங்ககிட்ட வரவிடல." என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அழாமல் பேசியது அன்றைக்குத்தான்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் மரத்தடியிலேயே உட்கார்ந்தாள்.

"என்னைக்குடி கேட்டாரு?"

"தீபத்துக்கு மறுநா சாயங்காலம்."

விரலை மடக்கிக்கொண்டு யோசித்தாள். யாருக்கோ சாட்சி சொல்கிறவள் மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"தீபத்துக்கு மறுநா. அதுக்கு அடுத்த நாளும்... நான் வூட்லதாண்டி இருந்தேன். எங்கயும் போகல. கதவு தொறந்துதான் இருந்துச்சு."

பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வேலிக் கதவை அவளே தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள்.